மாடி அறையும் ஒரு மூட்டைக் குப்பையும்

நவம்பர் 2

மதிப்பும் மரியாதையும் கொஞ்சம் கம்மியான அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. ஆமாம், கடிதம்தான். போனில் நீ சொல்வதெல்லாம் மறுநாளே “நான் எப்ப சொன்னேன்?” என்று ஆகிவிடுகிறது. பேப்பரில் எழுதியதற்கு அந்தப் பல்டி அடிக்க முடியாது. அதனால் இந்தச் சண்டை முடியும்வரை எழுத்து மட்டும்தான். தபால் செலவு இல்லை. கண்டக்டர் மாமா தினமும் உன் மலைக்கு பஸ்ஸில் வருகிறாரே, அவர் சட்டைப்பையே நம் தபால் பெட்டி.

விஷயத்துக்கு வருகிறேன். குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்து நீ கிளம்பியபோது என்ன சொன்னாய்? “மாடி ரூமை நீயே எடுத்துக்கோ” என்று சொன்னாய். நான் மெஷினை மேலே ஏற்றுவதற்குள், நேற்று அப்பாவிடம் போனில் என்ன சொன்னாய்? யாரோ ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு அதை வாடகைக்கு விடலாம், அந்த வாடகையில் உன் பைக்குக்குத் தவணை கட்டலாம் என்று. அண்ணா, ஒரு பைக்குக்காகப் பகையா?

நான் எங்கே உட்கார்ந்து தைக்கிறேன் தெரியுமா? மாடிப்படிக்கு அடியில். அம்மாவின் கைமெஷினை வைத்தால் என் முழங்காலுக்கு இடமில்லை, முழங்காலை வைத்தால் தலைக்கு இடமில்லை. அப்பா படி ஏறினால் தூசி என் டீயில் விழுகிறது. இந்தப் பொந்தில் இருந்துதான் அப்பாவின் சட்டைக் காலரைத் திருப்பித் தைத்தேன், பழைய போர்வையில் மெத்தை உறை செய்தேன், அம்மாவின் கிழிந்த புடவையில் நாலு தலையணை உறை எடுத்தேன்.

அப்பாவிடம் நியாயம் கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு எனக்குச் சொல்லுங்க, நான் விடியக்காலையில பால் வேன் ஓட்டணும்” என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அம்மா கோர்ட்டில் டைப் அடிப்பவள் அல்லவா, “ரெண்டு தரப்பும் எழுத்துமூலமா குடுங்க” என்கிறாள்.

என் தரப்பைக் கொடுத்துவிட்டேன். அறை கேட்டால் அறை விழும் என்றெல்லாம் மிரட்டாமல் பதில் போடு.

இப்படிக்கு,
படிக்கு அடியில் குடியிருப்பவள்


நவம்பர் 5

வாலு,

கடிதம் கிடைத்தது. கண்டக்டர் மாமா எல்லார் முன்னாலும் “உன் தங்கச்சி உன்னைத் திட்டி எழுதியிருக்காப்பா, நல்லா இருக்கு” என்று சொல்லிக் கொடுத்தார். அடுத்த முறை கவரை ஒட்டி அனுப்பு.

அறையைப் பற்றி நான் சொன்னது கிளம்புகிற அவசரத்தில். கிளம்புகிறவன் என்ன வேண்டுமானாலும் சொல்வான். இங்கே ஹாஸ்டலிலிருந்து கிடங்குக்கு மேட்டில் நடந்து போகிறேன், பனியில். உனக்குப் பைக் விளையாட்டு, எனக்குக் கால்வலி.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. நீ செய்வதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. குப்பை சேர்ப்பது. கிழிந்ததையெல்லாம் இன்னொரு விதமாகக் கிழித்து வைக்கிறாய். அதற்கு ஒரு தனி அறை வேறா? குப்பைக்கு அறை என்றால் ஊரே சிரிக்கும்.

சரி, நானும் நியாயஸ்தன்தான். ஒரு பந்தயம். இந்தக் கடிதத்தோடு ஒரு மூட்டை வருகிறது. கிடங்கிலும் ஹாஸ்டலிலும் தூக்கிப் போட இருந்ததையெல்லாம் ஒரு மாவுச் சாக்கில் வாரிப் போட்டிருக்கிறேன். அதில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் நம் வீட்டில் உபயோகத்தில் இருக்க வேண்டும். ஷோகேஸில் வைத்து அழகு பார்ப்பது செல்லாது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு லீவில் வருகிறேன். அன்றைக்கு ஒரே ஒரு பொருள் மிஞ்சினாலும் குமாஸ்தா குடி வருவார். மிஞ்சாவிட்டால் அறை உனக்கு. நீதிபதி அம்மா.

அன்புள்ள (இன்னமும்) அண்ணன்


நவம்பர் 11

சாக்கு அனுப்பிய அண்ணனுக்கு,

பந்தயத்துக்குச் சரி. சாக்கை அனுப்பிவிட்டாய், இனி சாக்குப்போக்குச் சொல்லக்கூடாது.

மூட்டையைக் கூடத்தில் கொட்டினேன். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அப்பா “ஏம்மா, பையன் வீட்டுக்கு அனுப்பற முதல் சம்பாத்தியம் இதானா?” என்று கேட்டார். அப்புறம் நான் வேலையைத் தொடங்கினேன். நீ உட்கார்ந்துகொண்டு படி.

ஆரஞ்சுத் தோல்: கசப்புத் தண்ணீரை இரண்டு முறை கொட்டிவிட்டு, சர்க்கரைப் பாகில் வேகவைத்துக் காயப்போட்டேன். பாட்டிலில் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். அம்மா கோர்ட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். கல்லாகிப் போன பன்: ஒன்றைச் சுவரில் அடித்துப் பார்த்தேன், சுவர்தான் உதிர்ந்தது. பாலில் இரவு முழுக்க ஊறப்போட்டு, முட்டையும் சர்க்கரையும் அடித்து ஊற்றி ஆவியில் வைத்தேன். அப்பா மூன்று தடவை “இது கடையில வாங்கினதா?” என்று கேட்டார். அவர் அகராதியில் அது பெரிய விருது. மீதிப் பன்னைப் பொடித்து டப்பாவில் வைத்திருக்கிறேன், கட்லெட்டுக்கு ஆகும்.

மெழுகுவர்த்திக் கட்டைகளை உருக்கிப் பிடி போன பீங்கான் கோப்பையில் ஊற்றித் திரி வைத்தேன். ஒரே அடியில் இரண்டு பொருள் முடிந்தது. உடைந்த குடையின் துணி, மழைக்கு அம்மாவின் டிபன் பைக்கு உறை. கம்பிகள், பின்கட்டில் தக்காளிச் செடிக்கு ஊன்றுகோல். அந்த ஒற்றை ரப்பர் பூட்ஸை வைத்து என்னை மடக்கிவிடலாம் என்று நினைத்தாய் அல்லவா? இடது கால், கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அண்ணா, ஓட்டை இருப்பதால்தான் தண்ணீர் வடிகிறது. மண் போட்டுப் புதினா நட்டிருக்கிறேன்.

நடுவில் ஒரு விபத்து. மாவுச் சாக்கை வெட்டி அலமாரித் திரை தைத்தேனா, ஓரத்துக்கு அட்டை ஒட்ட மைதாப் பசை காய்ச்சி அடுப்படியில் ஆறவைத்திருந்தேன். வேன் ஓட்டிவிட்டு வந்த அப்பா கஞ்சி என்று நினைத்துச் சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டார். “கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு, ஆனா நல்லா இருந்துச்சு” என்றார். அன்று மத்தியானம்வரை அவர் யாரோடும் வாய் திறந்து பேசவில்லை. பசை தரமானது என்று தெரிந்துகொண்டேன்.

கடைசியாக ஒரு புதையல். மூட்டையின் அடியில் முழங்கை கிழிந்த ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர்! அதைப் போய்க் குப்பை என்று போட்டிருக்கிறாயே. மெஷினில் பின்னியது என்றால் பிரித்தால் துண்டு துண்டாக வரும். இது கையால் பின்னியது. ஒரு முனையை இழுத்ததும் நல்ல பிள்ளை மாதிரி ஓடி வந்தது. முழுக்கப் பிரித்து, சுருக்கம் போகத் துவைத்து, கல் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தேன். அதில் அப்பாவின் வழுக்கைக்கு ஒரு காது மூடும் தொப்பி பின்னி முடித்தாயிற்று. மீதி நூல் ஐந்து உருண்டை இருக்கிறது.

இன்னும் பாக்கி ஒற்றைச் சாக்ஸ்கள் மட்டும்தான்.

வெற்றியின் வாசலில் நிற்கும்,
தங்கை


நவம்பர் 11

வாலு,

மூட்டை வந்திருக்குமே? சத்தத்தைக் காணோம். பூட்ஸைப் பார்த்து மயக்கம் போட்டுவிட்டாயா? குமாஸ்தாவுக்குத் தகவல் சொல்லிவிட்டேன், அவர் பெட்டி படுக்கையைத் தயார் செய்கிறார்.

இங்கே ஒரு கூத்து. எங்கள் சூப்பர்வைசரின் ஸ்வெட்டர் காணோம். சாம்பல் நிறம், முழங்கையில் ஓட்டை. அவர் மனைவி கையால் பின்னிக் கொடுத்ததாம். லோடிங் ஷெட் பெஞ்சில் கழற்றி வைத்தாராம். இரண்டு ஸ்வெட்டர் போட்டாலும் பல் தந்தியடிக்கிற குளிர் அறைக்குள் அவர் கோணியைச் சுற்றிக்கொண்டு ஆப்பிள் பெட்டி எண்ணுகிறார். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, “எடுத்தவன் எவன்னு தெரிஞ்சா, அவன் இங்க வேலை பார்த்த மாதிரிதான்!” என்று கத்துகிறார். என் வேலை நிரந்தர உத்தரவு அவர் மேஜையில்தான் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. நல்லவேளை, எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பார், எவ்வளவு சிரிப்பு.

அண்ணன்


நவம்பர் 13

தங்கச்சி,

உன் கடிதத்தைச் சாப்பிடும்போது படித்தேன். அப்புறம் சாப்பிடவில்லை.

அது அவருடைய ஸ்வெட்டர். பெஞ்சில் கிடந்த பழந்துணிகளை மொத்தமாக வாரிப் போட்டேன், பார்க்கவே இல்லை. பிரித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, விளையாட்டுக்குத்தானே? நீ எப்போதும் விளையாடுகிறவள்தானே? என் செருப்புக்குள் ஜெல்லி வைத்தவள்தானே? இதுவும் அப்படித்தான் என்று ஒரு வரி எழுது. கண்டக்டர் மாமாவை அங்கேயே நிற்கச் சொல்லி எழுதிக் கொடு.


நவம்பர் 14

அண்ணா,

விளையாட்டு இல்லை. ஐந்து உருண்டையும் என் மடியில் இருக்கின்றன.

முதலில் நன்றாகச் சிரித்துவிட்டேன், அதை மறைக்க மாட்டேன். குப்பை என்றவனின் குப்பையில் அவன் வேலையே இருந்தது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அப்புறம் நீ “தங்கச்சி” என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். நீ என்னை அப்படிக் கூப்பிட்டது எனக்கு ஞாபகமே இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பப் பின்ன முடியும். பிரிப்பதற்கு முன் கை, உடம்பு, கழுத்து எல்லாம் எத்தனை கண்ணி என்று எண்ணி வைப்பது என் பழக்கம். ஆனால் இரண்டு சிக்கல்.

ஒன்று, அப்பா தொப்பியைத் தரமாட்டேன் என்கிறார். “விடியக்காலை வேன்ல கண்ணாடி மூடாது. இத்தனை வருஷத்துல என் காது இப்பதான் என் காதா இருக்கு. வேணும்னா வேனை எடுத்துக்கோ” என்கிறார். தூங்கும்போது உருவலாம் என்று பார்த்தேன். மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறார்.

இரண்டாவது சிக்கலை நீயே யோசித்துப் பார். மூட்டையில் வந்தது எல்லாம் நம் வீட்டில் உபயோகத்தில் இருக்க வேண்டும் என்பது உன் விதி. ஸ்வெட்டர் மலைக்குத் திரும்பினால்?

தங்கை


நவம்பர் 16

தங்கச்சி,

யோசித்தேன். ராத்திரி முழுக்க. விதியும் கிடக்கட்டும், பந்தயமும் கிடக்கட்டும். அறையை நீயே வைத்துக்கொள். எழுத்துமூலம் கேட்டாயே, இதோ எழுத்துமூலம்: மாடி அறை உன்னுடையது. பைக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தது போனால் போகிறது. ஸ்வெட்டரை மட்டும் அனுப்பிவிடு. இன்று அவர் இருமினார். ஒவ்வொரு இருமலுக்கும் என்னைப் பார்ப்பது மாதிரியே இருக்கிறது.

அண்ணன்


நவம்பர் 17

அண்ணா,

நீ எழுதிக் கொடுத்த சாசனத்தை அடுப்பு பற்றவைக்க உபயோகித்துவிட்டேன். நல்ல பேப்பர், சட்டென்று பிடித்தது.

கழுத்தைப் பிடித்து எழுதி வாங்கின அறையில் தையல் நேராக வராது. ஸ்வெட்டர் உனக்கு எப்படியும் வரும், அதற்கு விலை கிடையாது. அறையை நான் பந்தயத்தில் ஜெயித்தே எடுத்துக்கொள்வேன். தோற்றால் குமாஸ்தா வரட்டும், தினமும் அவர் டீயில் தூசி விழ நானே படியேறி இறங்குகிறேன்.

இனி ஸ்வெட்டர் முடியும்வரை கடிதம் எதிர்பார்க்காதே. ஊசி இரண்டு கையிலும் இருக்கிறது.


நவம்பர் 30

அண்ணா,

கண்டக்டர் மாமா கையில் இருக்கும் பொட்டலத்தை ஈரக் கையால் தொடாதே.

பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் பின்னினேன், பால் காய்கிற நேரத்தில் பின்னினேன், கணக்கு டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பினபோதெல்லாம் பின்னினேன். அம்மா ஒரு கை போட்டுத் தந்தாள். “நீதிபதி ஒரு தரப்புக்கு உதவலாமா?” என்று கேட்டேன். “நீதிபதி லீவுல இருக்கா, உன் அம்மா பின்றா” என்றாள்.

தொப்பிக்குப் போன நூல் போனதுதான், அதனால் பத்தவில்லை. நீ அனுப்பிய ஒற்றைச் சாக்ஸ்களில் கம்பளிச் சாக்ஸ் எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். சிவப்பும் கறுப்பும் கிடைத்தது. இடுப்பிலும் கையோரத்திலும் கரை கொடுத்து, பக்கவாட்டில் ஒரு பட்டை சேர்த்திருக்கிறேன். முழங்கை ஓட்டையும் இல்லை. மீதிச் சாக்ஸ் எல்லாம் சூடான பாத்திரம் இறக்கும் கைப்பிடித் துணி ஆகிவிட்டது. ஆக, பழைய ஸ்வெட்டர் மாதிரியே இருக்காது. பார்த்தால் தெரியும்.

அதனால் பெஞ்சில் போட்டுவிட்டு ஓடிவிடாதே. கையில் கொடு. நடந்ததைச் சொல். நீ சொல்லாவிட்டால் கண்டக்டர் மாமா சொல்லிவிடுவார், அவருக்கு நாக்கு துருதுருவென்று இருக்கிறது.

தங்கை


டிசம்பர் 3

வாலு,

கையிலேயே கொடுத்தேன். சொன்னேன். பந்தயம், சாக்கு, பெஞ்சு எல்லாம். 

அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். கையைத் தூக்கினார், இறக்கினார். குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கினார். நான் என் டிரங்குப் பெட்டியை மனசுக்குள் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

“யாருடா பின்னினது?”

“என் தங்கச்சி, சார்.”

“கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரி பின்னிக் குடுத்தது இது. அப்ப எனக்குத் தொப்பை கிடையாது. அவ மனசு நோகக் கூடாதுன்னு இத்தனை வருஷமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு போட்டுக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான்டா மூச்சு விடறேன்.”

“வீட்டுல அம்மா கேட்டா என்ன சார் சொல்வீங்க?”

“துவைச்சதுல விரிஞ்சு போச்சுன்னு சொல்லிக்கறேன்.”

“சிவப்புக் கரையும் துவைச்சதுலயா சார் வந்துச்சு?”

“வாயை மூடிக்கிட்டு பெட்டியைத் தூக்கு.”

உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்! கையோடு, கேட்காமல் எடுத்ததற்குத் தண்டனையாக இந்த ஞாயிறு எனக்கு டியூட்டி போட்டுவிட்டார். லீவு ரத்து. அதனால் நான் வரமுடியாது.

இப்போது உயிர் திரும்பி வந்துவிட்டதால் மூளையும் வந்துவிட்டது. என் சாசனத்தை எரித்தது நீதானே? அப்படியென்றால் பந்தயம் உயிரோடு இருக்கிறது. ஸ்வெட்டர் இங்கே, சூப்பர்வைசர் உடம்பில். நம் வீட்டில் உபயோகத்தில் இல்லை. ஒரு பொருள் குறைகிறது, வாலு! என் தரப்பை வாதாட குமாஸ்தாவையே அனுப்புகிறேன். ஞாயிறு காலை வருவார்.

மன்னித்துவிடு. பைக் சிவப்பு நிறம்.

அண்ணன்


டிசம்பர் 7

டியூட்டியில் இருக்கும் அண்ணனுக்கு,

நேற்று நடந்த விசாரணையின் முழு விவரம் கீழே. நின்றுகொண்டு படி, கோர்ட்டுக்கு மரியாதை.

குமாஸ்தா காலையிலேயே கறுப்புக் கோட்டோடு வந்துவிட்டார். அம்மா சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில் கண்ணாடி போட்டு உட்கார்ந்தாள். உன் கடிதத்தில் இருந்த விதியை நான் உரக்கப் படித்தேன். பிறகு அவர் வீட்டைச் சுற்றிச் சோதனை போட்டார். டிபன் பை உறையைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அலமாரித் திரையை இழுத்துப் பார்த்தார். புதினாவைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, “பூட்ஸ்ல வளர்ந்ததும்மா இது, ஆனா வாசனை கால் வாசனை இல்ல” என்று ஒப்புக்கொண்டார்.

அப்புறம்தான் தொண்டையைச் செருமினார்.

“கனம் அம்மா அவர்களே! சாக்குல மொத்தம் என்னென்ன வந்துச்சுன்னு எதிர்த்தரப்பே எழுதியிருக்கு. அதுல ஒரு ஸ்வெட்டர். அது இப்ப எங்க? மலை மேல. வீட்டுல இல்ல. ஒண்ணு குறைஞ்சாலும் தோல்விங்கறது விதி. ரூமை ஒருதரம் பார்த்துடலாங்களா? ஜன்னல் கிழக்கா, மேற்கா?”

 அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. நீ ஆசைப்பட்டது நடக்கப் போகிறது என்றே நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். “ஸ்வெட்டர் வீட்டை விட்டுப் போகுதுன்னு தெரிஞ்சுதானே அனுப்பினே?” என்று கேட்டாள். “தெரிஞ்சுதான்” என்றேன். “தோத்துடுவோம்னும் தெரியுமா?” “தெரியும். அண்ணனுக்கு வேலை போயிடும்ல?”

அந்த நேரம் பார்த்து அப்பா பால் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். காது மூடிய தலையோடு. “என்ன கூட்டம்?” என்றார். சொல்லியும் பயனில்லை. அவருக்குத்தான் காது கேட்காதே, தொப்பி அவ்வளவு கெட்டி.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் அப்படிச் செய்தால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று அர்த்தம்.

“குமாஸ்தா சார், இந்தத் தொப்பி எதுல செஞ்சது?”

நீ சாட்சிக்குக் கொடுத்தனுப்பிய என் பழைய கடிதத்தை அவர் புரட்டினார். “அது… ஸ்வெட்டர் நூல்லதான்.”

“தொப்பி எங்க இருக்கு?”

“அவர் தலைல.”

“தலை எங்க இருக்கு?”

குமாஸ்தா கொஞ்சம் யோசித்தார். “வீட்டுலதான் இருக்குங்க.”

“சாக்குலேர்ந்து பன் வந்துச்சு. பாதி வயித்துக்குள்ள போயிடுச்சு, பாதி டப்பால இருக்கு. பன்னு வீட்டுல இல்லைன்னு யாராவது சொல்வாங்களா? அதே மாதிரி ஸ்வெட்டரும். கொஞ்சம் மலைக்குப் போச்சு, கொஞ்சம் இங்க தினமும் வேன் ஓட்டிக்கிட்டிருக்கு. உபயோகத்துல இருக்கணும்ங்கறதுதானே விதி? முழுசா இருக்கணும்னு உங்க கட்சிக்காரர் எழுதலையே. மாடி அறை மனுதாரருக்கே. அவ்வளவுதான்.”

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அப்பா தொப்பியைப் பறிக்க வருகிறார்கள் என்று நினைத்துத் தலையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார்.

குமாஸ்தா நல்ல மனுஷன். கோட்டில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது, தைத்துக் கொடுத்தேன். டப்பாவில் இருந்த பன் பொடியில் புதிதாக ஆவியில் வைத்ததை இரண்டு தட்டு சாப்பிட்டார். “தோத்தாலும் கேஸ் ருசியா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, கோர்ட்டுக்கு எதிரே வேறு இடம் பார்க்கப் போய்விட்டார்.

தீர்ப்பின் நகலை அம்மாவே டைப் அடித்து இத்துடன் இணைத்திருக்கிறாள்.

வெற்றி பெற்ற மனுதாரர்


டிசம்பர் 10

வாலு என்கிற தங்கச்சிக்கு,

தீர்ப்பை மூன்று முறை படித்தேன். அப்பீலுக்கு ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. விதியை எழுதியது நான், “முழுசா” என்ற ஒரு வார்த்தையை விட்டதும் நான்.

இது கழுத்தைப் பிடித்து எழுதியது இல்லை. நெருப்பில் போடாதே. அறை உன்னுடையது. குப்பை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

பைக் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிட்டேன். சம்பளம் கூடியிருக்கிறது, நானே சேர்த்து வாங்குகிறேன். அதுவரை நடப்பேன். நடந்தால் கால் கெட்டியாகும் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். அவர் இப்போதெல்லாம் மூச்சு நிறைய வைத்துக்கொண்டு நிறையப் பேசுகிறார். ஹாஸ்டலில் பத்துப் பேர் தங்கள் ஸ்வெட்டரைக் காட்டி “உன் தங்கச்சிகிட்ட கேளேன்” என்கிறார்கள். நான் பந்தாவாக “அவங்க ரொம்ப பிஸி” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தோற்ற அண்ணன்


டிசம்பர் 14

அண்ணா,

மாடியிலிருந்து எழுதுகிறேன்! ஜன்னல் கிழக்குதான், குமாஸ்தாவிடம் சொல்லிவிடாதே, மனுஷன் வருத்தப்படுவார்.

மெஷினை ஏற்றும்போது படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. அப்பா மேலே இழுக்க, அம்மா கீழே தள்ள, நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்ட, ஒருவழியாக வந்து சேர்ந்தது. முழங்கால், தலை இரண்டுக்கும் ஒரே சமயத்தில் இடம் இருக்கிறது. உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தேன். எதிலும் இடிக்கவில்லை. இன்னும் நீட்டினேன். அப்போதும் இடிக்கவில்லை. கொஞ்ச நேரம் தைக்கவே இல்லை, சும்மா நீட்டிக்கொண்டே இருந்தேன்.

உன் கட்டிலை எடுக்கவில்லை. லீவில் வந்தால் படுத்துக்கொள், வாடகை கேட்க மாட்டேன். பழைய சட்டைகளை வெட்டி அதற்கு ஒரு ஒட்டுப்போர்வை தைக்கிறேன். யாருடைய சட்டை என்று கேட்காதே. உன் அலமாரி முன்னைவிட இப்போது காற்றோட்டமாக இருக்கிறது.

பத்து ஸ்வெட்டரையும் அனுப்பச் சொல். சொந்தக்காரன் கையாலேயே கொடுத்ததாக இருக்கட்டும்.

கதவில் ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறேன்: “உள்ளே வருமுன் தட்டவும். அண்ணன்கள் இருமுறை தட்டவும்.”

இப்படிக்கு,
படிக்கு மேலே குடியிருப்பவள்